ஒரே நாள்ல ராமேஸ்வரமா? ஆளை விடுங்க சாமி!

வெயில் காலம் வந்தாப் போதும், நம்ம பதிவுலகத்துல ரெண்டு வகைப் பதிவு தவறாம வந்துரும். ஒண்ணு, மாவடு போடறது எப்படி. ரெண்டாவது, 'ஒரே நாளில் ராமேஸ்வரம்: குறைந்த செலவில் நிறைவான பயணம்'. மாவடு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. எழுதுங்க, படிக்கறேன், வீட்டம்மாகிட்டயும் காட்டறேன். ரெண்டாவதைத்தான் இன்னிக்குக் கொஞ்சம் தொவைச்சுக் காயப் போடலாம்னு உக்காந்திருக்கேன். ஈரோட்டுக்காரனுக்கு அது கைவந்த வேலைதானே :)

யார் பேரையும் சொல்லப் போறதில்ல. உள்குத்து எதுவும் கிடையாது, எல்லாமே வெளிக்குத்துதான். முதல் குத்து எனக்கே. ஏன்னா 2018 மே மாசம் நானும் அப்படி ஒரு பதிவு எழுதினவன். தலைப்புல 'ஒரே நாளில்', கடைசி வரில 'மனநிறைவு', நடுவுல பதினாலு போட்டோ. பின்னூட்டத்துல எல்லாரும் 'சூப்பர்ங்க, நாங்களும் ப்ளான் பண்ணிட்டோம்'னு சொன்னப்ப உச்சி குளுந்து போச்சு. அந்தப் பதிவுல நான் எழுதாம விட்டது ஒண்ணு இருக்கு. அதுக்குக் கொஞ்சம் பொறவு வர்றேன்.

மொதல்ல அந்த டூர் எப்படி நடந்துச்சுன்னு கேளுங்க. சனிக்கிழமை ராத்திரி ஒம்பதரைக்கு ஈரோட்டுல வேன் எடுத்தோம். அம்மாயில இருந்து அக்கா பசங்க வரைக்கும் 17 பேர். கரூர், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம்னு 300 கிலோமீட்டருக்கு மேல ராவோட ராவா அடிச்சு, விடியறதுக்குள்ள அக்னி தீர்த்தத்துல எறங்கியாச்சு. கடல்ல ஒரு முழுக்கு. ஈரத்துணியோட ஓடி 22 தீர்த்தம். எந்தக் கெணத்துல குளிச்சோம், எதை விட்டோம்னு யாருக்கும் தெரியல, வாளி வாளியா தலைல ஊத்தினதுதான் ஞாபகம். அப்புறம் தரிசன வரிசை. அந்த மூணாம் பிரகாரம் இருக்குதே, ஆயிரத்துக்கு மேல தூணுங்க, நின்னு பாத்தா கண்ணு போய் முடியற எடம் தெரியாது. அதை நாங்க எப்படிப் பாத்தோம்னு நினைக்கறீங்க? வழுக்கி விழுந்துடாம, தரையைப் பாத்துக்கிட்டே. அம்மாயி மட்டும் ஒரு தூணைப் புடிச்சுட்டு நின்னுச்சு. "ஏஞ்சாமி, இதைச் செத்த நேரம் பாத்துட்டுப் போலாமா?"ன்னு கேட்டுச்சு. மாமா வாட்சைக் காட்டினாரு. 74 வயசு. அதுக்கப்புறம் அது ராமேஸ்வரம் போகவே இல்ல.

டூர் ஏஜெண்ட் குடுத்த காயிதத்துல ஒம்பது எடம். ராமர் பாதம், பஞ்சமுக ஆஞ்சநேயர், மிதக்கற கல்லு, கலாம் நினைவிடம், வில்லூண்டி, கோதண்டராமர், தனுஷ்கோடி. திரும்பற வழியில தேவிபட்டினம், திருப்புல்லாணி. ஒரு எடத்துக்கு இருபது நிமிஷம். அதுல பாதி வேன்ல இருந்து எறங்கறதுக்கும் ஏறறதுக்கும் செருப்புத் தேடறதுக்கும்.

ராத்திரி முழுக்க ஓட்டின அதே டிரைவர் அண்ணன்தான் பகல் முழுக்க ஓட்டினாரு. நாங்க கோயிலுக்குள்ள இருந்தப்ப அவர் தூங்கினதுதான் தூக்கம். அன்னிக்கு ராத்திரியும் அவரேதான் ஓட்டினாரு. திங்கக்கிழமை காத்தால எல்லாருக்கும் வேலை. திண்டுக்கல் தாண்டி ஒரு எடத்துல வண்டி லேசா வெலகினதும், மச்சான் முன்சீட்டுக்குப் போய் அவர்கிட்டப் பேச்சுக் குடுத்துட்டே வந்ததும் என் பழைய பதிவுல கிடையாது. 'குறைந்த செலவு'ன்னு தலைப்புல போடறமே, அந்தச் செலவு எப்படிக் குறைஞ்சுதுன்னு நினைக்கறீங்க? ரெண்டு டிரைவர் போட வேண்டிய எடத்துல ஒருத்தரைப் போட்டதுல. 17 உசுரையும் ஒரு மனுசனோட கண்ணு எமை மேல வெச்சுட்டு, அதுக்குப் பேரு சிக்கனம். நம்ம பதிவுகள்ல பெட்ரோல் செலவு இருக்கு, டோல்கேட் இருக்கு, காபி விலை கூட இருக்கு. டிரைவர் எங்க தூங்கினாருன்னு ஒருத்தராவது எழுதியிருக்கமா?

சரி, எழுதாம விட்ட விசயத்துக்கு வர்றேன்.

தனுஷ்கோடி. மத்தியானம் ஒரு மணி, மே மாசம். அந்த நேரத்துக்கு அங்க போறதே பைத்தியக்காரத்தனம், நெழலுன்னு ஒண்ணு கிடையாது. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல போன ஊரு. பாம்பன்ல இருந்து போன ரயில், உள்ள இருந்த நூத்துக்கும் மேல பேரோட அலைக்குள்ள போயிடுச்சு. அதுக்கு முன்னாடி அம்பது வருசம், 1914ல இருந்து, அங்கிருந்துதான் தலைமன்னாருக்குக் கப்பல். அந்தப் புயலப்ப ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேஸ்வரத்துல மாட்டிக்கிட்டாங்கன்னு எல்லாரும் எழுதறோம். ஆனா அரசாங்கம் மனுசன் வாழத் தகுதியில்லாத எடம்னு அறிவிச்ச பொறவும் அங்க ஓலைக் குடிசை போட்டு மீனவக் குடும்பங்க இருக்காங்கறதை அரை வரில தாண்டிருவோம். இடிஞ்ச சர்ச் முன்னாடி போட்டோ எடுக்கற அவசரத்துல, குடிசை போட்டோவுக்குள்ள வந்துடாம ஒதுக்கி எடுப்போம்.

அந்தக் குடிசைகளுக்குப் பக்கத்துல மணல்ல ஒரு சின்னக் குழி. முழங்கை ஆழம் இருக்கும். அடில ரெண்டு செம்புத் தண்ணி. பக்கத்துல ஒரு ப்ளாஸ்டிக் கொடம், ஒரு கொட்டாங்குச்சி. எங்க வீட்டுப் பசங்க ரெண்டு பேரும் காலெல்லாம் மணலோட ஓடி வந்து, அந்தக் குழிக்குள்ளயே காலை விட்டுக் கழுவிட்டாங்க. நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். மழைத்தண்ணி தேங்கியிருக்குதுன்னு நினைச்சேன். மே மாசத்துல என்ன மழை? யோசிக்கவே இல்ல.

குடிசைல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. கத்தல. "தம்பி, அது நாங்க குடிக்கிற தண்ணி"ன்னாங்க. அவ்வளவுதான். சொல்லிட்டு நாலடி தள்ளி உக்காந்து, கையாலயே வேற குழி தோண்ட ஆரம்பிச்சுட்டாங்க.

ரெண்டு பக்கமும் கடல் இருக்கற மணல்திட்டுல நல்ல தண்ணி எப்படி வருதுன்னு அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். பெய்யற மழை மணலுக்குள்ள எறங்கி, உப்புத் தண்ணியை விட எடை கம்மிங்கறதால அதுக்கு மேல ஒரு படலமா மெதந்துட்டு இருக்கும். கை ஆழத்துல தோண்டினா நல்ல தண்ணி. பேராசைப்பட்டு ஆழமாத் தோண்டினா உப்பு. ஊறி வர்றதுக்கு நேரமாகும். அந்த அம்மா அன்னிக்குக் காத்தால இருந்து ஊற விட்ட தண்ணில எங்க பசங்க காலைக் கழுவியிருக்காங்க.

நான் என்ன செஞ்சேன்? வேன்ல ஆரன் அடிச்சாங்க. "ஸாரிங்கம்மா"ன்னு சொல்லிட்டு, பசங்களை இழுத்துட்டு ஓடினேன். வேன்ல ரெண்டு இருபது லிட்டர் கேன் இருந்துச்சு, ஒண்ணு தொறக்கவே இல்ல. அதை எறக்கி வெச்சுட்டு வந்திருக்கலாம். ஓடிப் போய் எடுத்துட்டு வர அஞ்சு நிமிஷம் ஆகும். எங்க காயிதத்துல அந்த அஞ்சு நிமிஷம் இல்ல, தேவிபட்டினம் இருந்துச்சு.

எனக்கு ஒரே நாள் டூர் மேல கோபம் வந்தது இங்கதான். நாங்க ஒண்ணும் கெட்டவங்க இல்லீங்க. சொந்த ஊர்ல பக்கத்து வீட்டுக் கொடத்துல பசங்க காலை வெச்சா காதைத் திருகியிருப்போம், போய் ரெண்டு கொடம் தண்ணி எடுத்து ஊத்திட்டு வந்திருப்போம். அதே மனுசங்கதான் வாட்சைக் கட்டிவிட்டா இப்படி ஆயிடறோம். இருபது நிமிஷத்துல எந்த ஊரையும் பாக்க முடியாது, அந்த ஊர்ல ஆள் இருக்கறதே கண்ணுக்குத் தெரியாது.

இப்ப வருவாங்க நம்ம ஆளுங்க. "அண்ணே, நீங்க பொட்டி தட்டற ஆளு, உங்களுக்கு லீவு இருக்கு. தறி ஓட்டறவன் என்ன பண்ணுவான்? அவனுக்கு வாரத்துல ஒரு நாள்தான். அவன் ராமேஸ்வரம் பாக்கக் கூடாதா?" நியாயமான கேள்வி. என் பெரியப்பா பையனே தறிக்குப் போறவன்தான். அவனை நான் சொல்லல. அமாவாசைக்கு வந்து கடல்ல முழுகி, திதி குடுத்துட்டு, சாமியைக் கும்பிட்டுட்டு அன்னிக்கே திரும்பறவங்களையும் சொல்லல. அவங்க வந்த காரியம் ஒண்ணு, அதை முடிச்சுட்டுப் போறாங்க. ஒம்பது எடம் அவங்க கேக்கல.

நான் சொல்றது நம்மளை. நாலு நாள் லீவு போட்டு மூணு நாள் வீட்டுல டிவி பாத்துட்டு, ஒரு நாள்ல ராமேஸ்வரத்தை 'முடிச்சுட்டு' வர்றவங்களை. அந்த 'முடிச்சுட்டோம்'ங்கற வார்த்தையைக் கவனிங்க. ஊரை முடிக்கறது என்னங்க, கணக்குப் புஸ்தகமா? சத்தியமங்கலம் காட்டுப் பக்கம் ஓரம்பரை வந்துட்டு 'உங்க ஊரை முடிச்சுட்டோம்'னு சொன்னா நமக்கு எப்படி இருக்கும்?

தறிக்காரனைக் காட்டி நம்ம சோம்பேறித்தனத்துக்கு நியாயம் தேடறது வேண்டாம். அவனுக்காக நெஜமாவே அக்கறைன்னா, சல்லிசா ராத்தங்க எடம், பெரிய பொதுத் தங்குவிடுதி, கழிப்பறை, நெழல் இதெல்லாம் கேட்டு எழுதுங்க. வரிசைல நின்னு நானும் ஒரு பின்னூட்டம் போடறேன்.

பழைய காலத்துல இந்தத் தீவுக்கு வந்தவங்க ஏழைங்கதான். காசில இருந்து நடந்து வந்தவங்க. அவங்களுக்காகத்தான் வழி நெடுகச் சத்திரம் கட்டினாங்க. தனுஷ்கோடிக்குப் போற ரோடு இருக்கே, 2017ல தொறந்தாங்களே அரிச்சல்முனை வரைக்கும் ஒம்பதரை கிலோமீட்டர், அது ஆரம்பிக்கற எடத்தோட பேரு என்ன? முகுந்தராயர் சத்திரம். சத்திரம்னா தங்கற எடம்ங்க! அந்தப் பேர்ப் பலகையை அறுபது கிலோமீட்டர் வேகத்துல தாண்டிட்டு 'டைம் இல்ல, டைம் இல்ல'ன்னு பறக்கறோம். ரோடு இல்லாதப்ப ஈர மணல்ல வேன் தள்ளாடிப் போய்ச் சேர்ந்து, அங்க ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு வந்தாங்க. ரோடு வந்து நேரம் மிச்சமாச்சு. மிச்சமான நேரத்துல இன்னும் ரெண்டு எடத்தைச் சேத்துக்கிட்டோம்.

அடுத்தது காசு. 'நாம போறதாலதானே அந்த ஊர் பொழைக்குது'ன்னு ஒரு வாதம். எங்க 17 பேர் கணக்கைச் சொல்றேன். புளிசோறு, தயிர்சோறு, முறுக்கு, தண்ணி எல்லாம் ஈரோட்டுல இருந்தே கட்டிட்டுப் போனது. ரூம் கிடையாது. ஆளுக்கு ஒரு டீ, தீர்த்தச் சீட்டு, பசங்களுக்கு ஒரு சங்கு மாலை. குடுத்தது அவ்வளவுதான். விட்டுட்டு வந்தது? தட்டு, டம்ளர், பாட்டில். தமிழ்நாட்டுல ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடற ப்ளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1ல இருந்து தடை இருக்கு. தண்ணி பாட்டில் அதுல வராது, நம்ம மூளையும் அதுல வராது.

இன்னொண்ணையும் சேத்துக்குங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கிழக்குக் கரைல விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. மீன் முட்டை வெக்கற காலம். ராமேஸ்வரத்துல படகெல்லாம் கட்டிக் கெடக்கும், வலையைத் தெச்சுட்டு உக்காந்திருப்பாங்க. வருமானம் இல்லாத அந்த ரெண்டு மாசத்துலதான் நம்ம வேன் எல்லாம் போகுது, கட்டுச்சோத்தோட. ஒரு ராத்திரி தங்கி, ரெண்டு வேளை அங்க சாப்பிட்டு, ஒரு ஆட்டோக்காரருக்கு அரை நாள் வாடகை குடுத்தா அது நேரா ஊருக்குள்ள போகும்.

அக்னி தீர்த்தத்துல பழந்துணியை விடறதையும் சொல்லியே ஆகணும். முழுகிட்டு, கட்டியிருந்த துணியோட பாவமும் போகட்டும்னு கடல்லயே விடறது. அந்தக் காலத்துல பருத்தி, மக்கிப் போச்சு. இப்ப? துணி ஊர்க்காரன் சொல்றேன், நம்புங்க. பாலியெஸ்டர் சேலை கரையாது. எங்க ஊர்ச் சந்தைல வித்த சேலையா இருந்தாலும் சரி, சூரத்துச் சரக்கா இருந்தாலும் சரி, அது அலைல சுருண்டு சுருண்டு வந்து அடுத்து முழுகறவன் கால்லதான் சுத்தும். உங்க பாவம் அடுத்தவன் கால்ல :(

வெளியூர்க்காரன் என்ன செய்யறான்னும் பாப்போம். இத்தாலில காப்ரின்னு ஒரு தீவு. பத்து சதுர கிலோமீட்டர்தான் இருக்கும். கோடைல நேப்பிள்ஸ்ல இருந்து காத்தால படகுல வந்து, சாயங்காலம் போட்டோவோட திரும்பற கூட்டம். சில நாள்ல ஊர்சனத்தை விட வந்தவங்க அதிகம். 2024 ஜூன் 22ம் தேதி அந்தத் தீவுக்குத் தண்ணி வர்ற ஏற்பாட்டுல கோளாறு. மேயர் என்ன செஞ்சாரு தெரியுமா? ஊர்க்காரங்க மட்டும் எறங்கலாம், சுற்றுலாக்காரங்க யாரும் எறங்கக் கூடாதுன்னுட்டாரு. கெளம்பி வந்த படகுங்க சிலது திரும்பிப் போச்சு. அன்னிக்கே சரியாகித் தடையை எடுத்துட்டாங்க. ஆனா ஒரு தீவுல குடிதண்ணி யாருக்கு மொதல்லங்கற கேள்விக்கு அங்க ஒரு நாள் காத்தால பதில் கெடைச்சுது. எனக்கு அந்தச் செய்தியைப் படிச்சப்ப அந்தக் கொட்டாங்குச்சிதான் ஞாபகம் வந்துச்சு.

வெனிஸ்ல 2024 ஏப்ரல் 25ல இருந்து, கூட்டம் சேர்ற நாளுங்கள்ல, பகல்ல வந்துட்டுப் போறவங்ககிட்ட 5 யூரோ வாங்க ஆரம்பிச்சாங்க. ராத்தங்கறவங்களுக்கு அது கெடையாது. இதை ராமேஸ்வரத்துல அப்படியே கொண்டாரச் சொல்லல. கோயிலுக்கு வர்றவன்கிட்ட நுழைவு வரி கேட்டா அடி விழும், விழணும். வேனுக்குக் கேக்கலாம். அன்னிக்கே திரும்பற வேனுக்கு ஒரு கட்டணம், ராத்தங்கின ரசீதைக் காட்டினா தள்ளுபடி. அந்தக் காசுல தனுஷ்கோடிக்குத் தண்ணி. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7ல இருந்து ஐகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ் வந்தப்ப நாம என்னா ஆட்டம் ஆடினோம்! 2025 கோடைல நீலகிரிக்கு வாரநாள்ல 6000 வண்டி, வாரக்கடைசில 8000னு கணக்கும் வெச்சாங்க. மலைக்குத் தாங்கற அளவு ஒண்ணு இருக்குன்னா மணல்திட்டுக்கு இருக்காதா? 2025 ஜூன்ல தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமா அறிவிச்சாச்சு. பறவைக்கு ஆச்சு. சந்தோசம். அந்த அம்மாவுக்கு?

அதே வருசம் ஏப்ரல் 6ல பாம்பன்ல புது ரயில் பாலமும் தொறந்தாச்சு. நடுத்துண்டு அப்படியே மேல தூக்கறது. பாக்க அழகுதான். ரோட்டுப் பாலத்து மேல வேனை நிறுத்திப் போட்டோ எடுக்கறவங்க இனி இன்னும் கூடுவாங்க, பின்னாடி ஆம்புலன்ஸே வந்தாலும்.

ஒரு நாள்தான் இருக்குன்னா எங்க போறதுன்னு கேக்கறீங்களா? ஈரோட்டுக்காரங்களே, நமக்குன்னே ஒரு தீவு இருக்குங்க. காங்கயம்பாளையத்துல, காவிரிக்கு நட்ட நடுவுல, பாறை மேல நட்டாற்றீஸ்வரர். பேர்லயே இருக்கு, நடு ஆறு. காத்தால வீட்டுல இட்லி சாப்பிட்டுட்டுப் போய், அங்க அரை நாள் சும்மா உக்காந்திருந்து, மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கே வந்துரலாம். டிரைவருக்கும் தூக்கம் கெடாது. என்ன ஒண்ணு, போட்டோவுக்கு அவ்வளவு லைக் விழாது.

போன வருசம் நானும் வீட்டம்மாவும் மறுபடி ராமேஸ்வரம் போனோம். ரெண்டு ராத்திரி. ஒம்பது எடத்துல அஞ்சு எடம் போகவே இல்ல. மூணாம் பிரகாரத்துல ஒரு தூணுக்குக் கீழ ஒரு மணி நேரம் உக்காந்தோம், அம்மாயி நின்ன தூணு எதுன்னு தெரியல. தனுஷ்கோடிக்குக் காத்தால ஆறு மணிக்கே போயிட்டோம். பெண் கடல் ஒரு பக்கம் தட்டு மாதிரி, ஆண் கடல் மறுபக்கம் பொரட்டிக்கிட்டு. அந்த அம்மாவைத் தேடினேன், காணல. அவங்க மொகம் கூடச் சரியா ஞாபகமில்ல, வெக்கமா இருந்துச்சு. அவங்க குடிசை இருந்த பக்கம் ஒரு கடைல மீன் பொரிச்சது வாங்கிச் சாப்பிட்டோம். கடைக்காரர் ஒரு செம்புத் தண்ணி குடுத்தாரு. ஊத்துத் தண்ணியாங்கன்னு கேட்டேன். ஆமா தம்பி, குடிங்கன்னாரு. ஒரு செம்பையும் குடிச்சேன்.

டிஸ்கி 1: 2018 பதிவை அழிக்கப் போறதில்ல. மேல இதுக்கு ஒரு சுட்டி மட்டும் போட்டிருக்கேன். அதைப் படிச்சுட்டு ஏற்கனவே போயிட்டு வந்தவங்க பின்னூட்டத்துல திட்டலாம், மட்டறுத்தல் கிடையாது.

டிஸ்கி 2: மாவடுப் பதிவு போடறவங்க போட்டுட்டே இருங்க. உப்புக் கணக்கு மட்டும் தெளிவா எழுதுங்க, போன தடவை எங்க வீட்டு ஜாடி பூசணம் புடிச்சுருச்சு.